பரண் ஆட்டுக்குக் குளம்பு வெட்டணுமா? ஊத்தங்கரையிலிருந்து வந்த கேள்வி

கேள்வி: அண்ணா, ஊத்தங்கரைப் பக்கம் பரண் போட்டு ஆடு வளர்க்கிறேன். சேலம் கருப்பும் தலைச்சேரிக் கலப்புமா பத்துப் பன்னிரண்டு உருப்படி. ரெண்டு ஆடு காலைத் தாங்கித் தாங்கி நடக்குது. குளம்பு வளர்ந்துடுச்சு, வெட்டிவிடுன்னு ஒருத்தர் சொல்றார். எங்க தாத்தா ஆயுசு முழுக்க ஆடு மேய்ச்சவர், ஒரு நாள்கூட ஆட்டுக்கு நகம் வெட்டி நான் பார்த்ததில்ல. இதெல்லாம் வீடியோ போடுறவங்க கிளப்பிவிட்ட வேலைதானே?

18 ஆகஸ்ட் 2024

தாத்தா செய்ததும் சரி, வெட்டச் சொன்னவர் சொல்வதும் சரி. ரெண்டு பேரும் பார்த்த தரை வேறு. தாத்தாவின் ஆடு காலையில் பட்டியைத் திறந்தால் பொழுது சாயும்வரை கரட்டிலும் பாறையிலும் நடந்தது. வளர்கிற குளம்பு தானாகத் தேய்ந்துகொண்டே இருந்தது. உங்கள் ஆடு பரண் சட்டத்தின் மேல் நின்றே தின்று அங்கேயே படுக்கிறது. அதற்காகக் குளம்பு வளராமல் இருக்காது. தேய வழியில்லாததால் ஓரச்சுவர் நீண்டு உள்பக்கமாக மடிந்து அடிப்பாதத்தை மூடிக்கொள்ளும். மடிப்புக்குள் சாணியும் ஈரமும் தங்கும். முனை நீண்டு மேலே வளைந்துவிட்டால் ஆடு குதிகாலில் எடையைப் போட்டு நடக்கும். நாளடைவில் கணுக்காலே சாய்ந்துவிடும்.

பரண் மட்டும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் முளையடித்துக் கட்டியே வளர்க்கிற ஆட்டுக்கும் இதே நிலைமைதான்.

நான் இருப்பது பென்னாகரம் பக்கம். எங்களிடம் ரெண்டு விதமும் உண்டு: மேயப்போகிற கூட்டம் ஒன்று, கொட்டகையில் நிற்கிற கூட்டம் ஒன்று. மேய்கிறவற்றுக்கு வருஷத்தில் ஓரிரு முறை பார்த்துச் சீர் செய்தால் போதும், சிலதுக்கு அதுவும் வேண்டாம். கொட்டகை ஆட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரி எடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது வேறு. தாங்கி நடக்கிறது என்கிறீர்கள். நொண்டுகிற ஆட்டைப் பிடித்து எடுத்த எடுப்பில் வெட்டாதீர்கள். காலைத் தூக்கிப் பார்த்து என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

19 ஆகஸ்ட் 2024

எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஒரே ஆடு, ஒரே கால் என்றால் முதலில் ரெண்டு விரலுக்கும் நடுவே பாருங்கள். சீமைக் கருவேல முள், சின்னக் கல், கண்ணாடிச் சில்லு. முள் உள்ளே ஒடிந்திருந்தால் வெளியே கரும்புள்ளி மட்டும்தான் தெரியும். அடுத்து, குளம்பை ஒவ்வொரு விரலாக அழுத்திப் பாருங்கள். வலிக்கிற இடத்தில் காலை வெடுக்கென்று இழுக்கும். சூடு இருக்கிறதா என்று மறு காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியாக மோந்து பாருங்கள். முகம் சுளிக்க வேண்டாம், குளம்பு அழுகலுக்கு ஒரு தனி நாற்றம் உண்டு. ஒருதரம் மோந்தவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

பல ஆடு ஒரே சமயத்தில் நொண்டினால் வாயையும் திறந்து பாருங்கள். வாயில் கொப்புளம், எச்சில் வடிதல், காய்ச்சல், விரல் நடுவிலும் குளம்புக்கு மேல் ரோம ஓரத்திலும் கொப்புளம் என்றால் காணை, அதாவது கோமாரி. வெள்ளாட்டில் காணை சில நேரம் வாயில் பெரிதாகத் தெரியாது, நொண்டல் மட்டும்தான் தெரியும். அப்போது கத்தரியைத் தொடவே கூடாது. ஆட்டை வெளியே ஓட்டாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் அடித்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

19 ஆகஸ்ட் 2024, இரவு

இன்னொன்று விட்டுப்போச்சு. கல்யாண வீட்டுச் சோறு, அரிசி, மக்காச்சோளம் என்று திடீரென்று நிறையத் தின்ற ஆடு, வயிறு புளித்து, ரெண்டொரு நாளில் நடக்கச் சங்கடப்படும். நாலு குளம்பும் சுடும், முள்ளின் மேல் நிற்பதுபோல் நிற்கும். அது தீவனத்தால் வருகிற குளம்பு அழற்சி. விசேஷ வீட்டு மிச்சத்தை ஆட்டுக்குக் கொட்டுவதைப் புண்ணியம் என்று நினைக்கிற சொந்தக்காரர் எல்லார் வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறார்.

23 ஆகஸ்ட் 2024

பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். ஒன்றுக்கு விரல் நடுவே முள், எடுத்தாச்சு. மற்றதுக்கு ரெண்டு பின்னங்காலிலும் குளம்பு மடிந்து, உள்ளே சாணி கட்டிக் கிடக்கிறதாம். நாற்றமில்லை, புண்ணில்லை. அப்படியென்றால் அதற்கு வெட்டத்தான் வேண்டும்.

நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். ஆட்டைச் சுவரோரமாகக் குட்டைக் கயிற்றில் கட்டி, முன்னால் ஒரு கட்டுச் சூபாபுல் தழை. தின்கிற வாய்க்குக் கால் ஞாபகம் குறைவு. செம்மறியைப் பிட்டத்தில் உட்காரவைத்து வெட்டுவார்கள், அது பேசாமல் உட்கார்ந்திருக்கும். வெள்ளாட்டிடம் அதை முயற்சி செய்தால் ஊரையே கூட்டிவிடும். நிற்கவைத்தே வெட்டுங்கள். முன்னங்காலை முட்டியில் மடக்கிப் பின்பக்கமாகத் தூக்க வேண்டும். பின்னங்காலைப் பின்னால் நீட்டி உங்கள் தொடைமேல் தாங்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் இடுப்பு வலித்து உதைக்கும். அது ஆட்டின் குற்றமில்லை.

முதலில் கத்தி முனையாலோ பழைய பல்துலக்கியாலோ அழுக்கைச் சுரண்டி எடுங்கள். நிறைய ஆட்டுக்கு அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பிறகு உள்ளே மடிந்த ஓரச்சுவரை அடிப்பாதத்தோடு சமமாக வெட்டுங்கள். அப்புறம் முனை. குதிகால் பக்கம் உயர்ந்திருந்தால் அதையும் மெல்லிசாகச் சீவலாம். ரோமம் முடிந்து குளம்பு தொடங்கும் கோடு இருக்கிறதே, அதற்கு இணையாக அடிப்பாகம் வர வேண்டும். சீவச் சீவ வெள்ளையாக வரும். இளஞ்சிவப்பு தட்டியதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று போனால் ரத்தம்தான். ரொம்ப நீண்டுபோன குளம்பை ஒரே நாளில் சரிசெய்யவும் முடியாது. உள்ளே சதையும் சேர்ந்து நீண்டிருக்கும். கொஞ்சம் வெட்டி, ரெண்டு வாரம் விட்டு மறுபடி கொஞ்சம்.

எப்படி இருந்தால் சரி என்று தெரியவில்லையா? உங்கள் கொட்டகையிலேயே இளங்குட்டி இருக்கும், அதன் காலைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பாகம் தட்டையாக, ரெண்டு விரலும் ஒரே நீளத்தில் இருக்கும். அதுதான் மாதிரி.

ரத்தம் வந்தால் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, டிஞ்சர் போட்டு, காய்ந்த தரையில் விடுங்கள். வெட்டுக்காயம் பெரிதென்றால் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளாட்டுக்கு டெட்டனஸ் வரும், வந்தால் பிழைப்பது கஷ்டம்.

24 ஆகஸ்ட் 2024

கருவி என்ன என்று நாலு பேர் கேட்டாச்சு. குளம்பு வெட்ட என்றே கத்தரி விற்கிறார்கள். நான் வைத்திருப்பது சாதாரணக் கவாத்துக் கத்தரி, ஓசூர்க்காரர்கள் ரோஜாவுக்கும் நம் பக்கம் மல்பெரிக்கும் வைத்திருக்கிற அதே சாமான். ஆட்டுக்கென்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரம் தேய்க்க ஒரு அரம். ஓர் ஆட்டிலிருந்து அடுத்த ஆட்டுக்குப் போகும் முன் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள். எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

2 செப்டம்பர் 2024

மழை பெய்த மறுநாள் வெட்டுங்கள். ஈரத்தில் குளம்பு மிருதுவாகி, கத்தரி சுகமாக இறங்கும். சித்திரை வெயிலில் அதே குளம்பில் கத்தரி வழுக்கி நம் கையைத்தான் பதம் பார்க்கும். மழை இல்லையென்றால் காலைப் பனியில் கொஞ்சம் மேயவிட்டு வந்து வெட்டலாம், இல்லாவிட்டால் கால்மணி நேரம் ஈரச் சாக்கில் நிற்கவைக்கலாம்.

சினையாடு கடைசி மாசத்தில் இருந்தால் தொடாதீர்கள், ஈன்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிடிக்கும்போது அது அலறிப்புடைத்து எங்கேயாவது மோதிக்கொள்ளும்.

15 செப்டம்பர் 2024

பர்கூர்க்காரர் ஒருவர் நல்ல யோசனை சொல்லியிருக்கிறார். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட்டுக்குப் பஞ்சமா, உடைந்த பலகையைத் தண்ணீர்த் தொட்டி முன்னால் போட்டுவிட்டால் ஆடு தானாகத் தேய்த்துக்கொள்ளும், கத்தரியே வேண்டாம் என்கிறார்.

கல் போடுவது சரிதான். எங்கள் கொட்டகை முற்றத்திலும் வேலிக்கு நட்டு மீந்த கல்தூண்களைக் குறுக்கே அடுக்கி வைத்திருக்கிறேன். வெள்ளாட்டுக்கு உயரம் என்றால் உயிர், ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் பாலிஷ் போட்ட பக்கம் மேலே வந்தால் தேயவும் தேயாது, மழையில் வழுக்கி இடுப்பு ஒடியும். சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும்.

21 செப்டம்பர் 2024

கல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்தேன். கத்தரியே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. கல்லில் முனைதான் தேய்கிறது; ஏற்கெனவே உள்ளே மடிந்துபோன சுவரைக் கல் ஒன்றும் செய்வதில்லை. எங்களிடம் கிடாய்க் குட்டிகள்தான் நாள் முழுக்கக் கல்லின்மேல் குஸ்தி போடுகின்றன. வெட்டிச் சீராக்க வேண்டிய பெரிய பெட்டைகள் கீழே படுத்து அசைபோடுகின்றன. ஆக, கல் இருந்தால் வெட்டும் இடைவெளி நீளும், அவ்வளவுதான்.

6 அக்டோபர் 2024

இன்றைக்குப் போச்சம்பள்ளிச் சந்தையில் ஓர் அரைமணி நேரம் ஆடுகளின் காலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்க வருகிறவர்கள் பல்லைப் பார்க்கிறார்கள், மடியைப் பார்க்கிறார்கள், தூக்கி எடை பார்க்கிறார்கள். காலைத் தூக்கிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. விற்கிறவர் முடிக்குச் சாயம் பூசினாலும் பூசுவார், குளம்பை மறைக்க முடியாது. முனை வளைந்திருந்தால் கட்டியே வளர்த்த ஆடு. முன்முட்டி போட்டுத் தீனி எடுத்தால் காலில் ஏதோ இருக்கிறது.

வாங்கி வந்த ஆட்டை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். மூன்று நாலு வாரம் தனியாக வைத்துக் குளம்பையும் பார்த்துவிட்டுச் சேருங்கள். குளம்பு அழுகல் ஒரு கிருமி நோய், அநேகமாக வாங்கி வந்த ஆட்டின் காலோடுதான் கொட்டகைக்குள் நுழைகிறது.

மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரிடம் ஆட்டுக்கும் அடிப்பாரா என்று என்னோடு வந்தவர் விளையாட்டாகக் கேட்டார். அவர் ஆட்டைப் பார்த்தார், என் நண்பரைப் பார்த்தார், "இதுக்கா, உங்களுக்கா?" என்றார்.

9 அக்டோபர் 2024

செம்மறி வைத்திருக்கும் ஒருவருக்கு: குளம்புக்குச் சற்று மேலே, முன்பக்கம், சின்னத் துளையும் அதில் சில முடிகளும் தெரிகிறது என்றீர்களே, அது செம்மறிக்கு இயற்கையாக உள்ள சுரப்பி. அமுக்கினால் மெழுகு மாதிரி வரும். சீழ் என்று நினைத்துக் கிளறாதீர்கள். இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழையில் செம்மறிக்கு நீலநாக்கு நோய் வரும், கொசு போன்ற சிறு பூச்சி கடித்துப் பரவுவது. உதடு மூக்கு வீங்கும், குளம்பின் மேலோரம் சிவந்து நொண்டும். அதுவும் குளம்பு வெட்டித் தீர்கிற விஷயம் இல்லை.

4 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. என்கிறார்கள், பேருந்து நிலையம் பக்கம் வண்டிகள் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். கேள்வி கேட்ட தம்பி, நலமாக இருந்தால் ஒரு வரி போடுங்கள்.

8 டிசம்பர் 2024

ஆள் நலம். பரணும் தப்பியது. பரணுக்கு வெளியே இருந்த ஆடுகள்தான் சேற்றில் நின்று இப்போது பாதிக்கு மேல் நொண்டுகின்றன. அரூர், ஊத்தங்கரை வட்டாரத்திலிருந்து இன்னும் சிலரும் இதையே எழுதியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரெண்டு நிலை உண்டு. விரல் நடுவே தோல் சிவந்து, ஊறி வெளுத்து, தொட்டால் இழுக்கிறது, நாற்றமில்லை, குளம்பு கெட்டியாக இருக்கிறது என்றால் அது ஈரப்புண். காய்ந்த தரையும் மருந்துக் குளியலும் பெரும்பாலும் போதும். குளம்பே உள்சதையிலிருந்து குதிகால் பக்கமாகக் கழன்றுவர ஆரம்பித்து, உள்ளே சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பு, நாற்றம் என்றால் அது அழுகல். அதற்கு ஊசி வேண்டும், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முதல் வேலை தரை. நொண்டுகிறவற்றைப் பிரித்து மேட்டில் கட்டுங்கள். சாணியை வழித்துச் சுண்ணாம்புத்தூள் தூவி, அதன்மேல் கடலைத்தோலோ மரத்தூளோ கனமாகப் போடுங்கள்.

ரெண்டாவது குளியல். துத்தநாக சல்பேட் 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. மயில்துத்தம் (தாமிர சல்பேட்) என்றால் 10 லிட்டருக்கு அரைக் கிலோ. குளம்பு மூழ்குகிற அளவு ஆழம் போதும். முதலில் வெறும் தண்ணீரில் சேற்றைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் நாலு ஆட்டிலேயே மருந்து சேறாகிவிடும். குடிக்கத் தண்ணீர் காட்டிவிட்டுப் பிறகு இறக்குங்கள். தாகத்தோடு நின்றால் அதையே குடித்துவைக்கும். புண்ணுள்ளது பத்து நிமிஷமாவது நிற்க வேண்டும். ஏறியதும் சேற்றில் விடாமல் குளம்பு காயும்வரை காய்ந்த இடத்தில் நிறுத்துங்கள். மயில்துத்தத்தை இரும்புத் தட்டில் கலக்காதீர்கள், அரித்துவிடும். செம்மறிக்குத் தாமிரம் விஷம், கூட்டம் கலந்திருந்தால் துத்தநாக சல்பேட்டே நல்லது. மிச்சத்தைக் கிணற்றோரமோ மீன் குட்டையிலோ கொட்டாதீர்கள்.

மூன்றாவது, இப்போது குளம்பு வெட்டாதீர்கள்.

9 டிசம்பர் 2024

கடைசி வரிக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. அழுகிய பாகத்தை எல்லாம் வெட்டி எறிந்து காற்றுப்பட வைத்தால்தான் ஆறும், காலங்காலமாக அப்படித்தான் செய்கிறோம் என்கிறார் காவேரிப்பட்டணத்துப் பெரியவர். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், ஐயா. ஆனால் இங்கிலாந்தில் செம்மறியில் ரெண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். குளம்பை வெட்டாமல் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி ஊசி போட்டவை சீக்கிரம் தேறின. வெட்டியவை தாமதமாகத் தேறின. வெள்ளாட்டுக்கும் நான் இப்போது அதையே பின்பற்றுகிறேன். நொண்டல் நின்று, குளம்பு கெட்டியான பிறகு சீர் செய்தால் போதும். தொங்கிக்கொண்டிருக்கிற துண்டை எடுத்துவிடுவது வேறு, அதை நான் தடுக்கவில்லை.

வெட்டிய துண்டிலும் கிருமி இருக்கும். கத்தரியைத் துடைக்கச் சொன்னது இதற்குத்தான். துண்டுகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

ஊசியின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போட்ட பிறகு எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விற்கலாம், பால் கறக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

11 டிசம்பர் 2024

உரக்கடையில் வாங்கிய துத்தநாக சல்பேட் மூட்டையில் 21 சதவீதம் என்று போட்டிருக்கிறது, அப்படியானால் அஞ்சு மடங்கு போடணுமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். அது அந்த உப்பில் துத்தநாகம் எவ்வளவு என்பது. குளியலுக்கு நாம் சொல்கிற 10 சதவீதம் உப்பின் எடை. ஒரு கிலோ உப்பு, பத்து லிட்டர் தண்ணீர், முடிந்தது. 33 சதவீதம் என்று போட்ட ரகமும் உண்டு, அது நீர்ச்சத்து குறைவான சரக்கு. முக்கால் கிலோவுக்குள் போட்டால் போதும்.

12 டிசம்பர் 2024

நாட்டு மருந்து கேட்டவருக்கு. காணைப் புண்ணுக்குக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் சொல்கிற எண்ணெய் இது: குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்துப் பூசுவது. புழு வைத்திருந்தால் முதல் நாள் சீத்தா இலையை அரைத்துக் கட்டுவது. மழைக்கால விரல்புண்ணுக்கு எங்கள் வீட்டிலும் இதைத்தான் போடுகிறோம், ஈ அண்டாது. குளம்பு கழலுகிற அழுகலுக்கு இதை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

29 டிசம்பர் 2024

தம்பியின் ஆடுகள் தேறிவருகின்றன. பழைய பட்டியில் எப்போது விடலாம் என்கிறார். அந்தக் கிருமி ஆட்டின் கால் இல்லாமல் வெறும் மண்ணில் ரெண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. ஆகவே ரெண்டு வாரத்துக்குக் குறையாமல் ஆடே இல்லாமல் காயப்போட்டு அப்புறம் விடுங்கள். ஆனால் ஆறாத காலோடு ஒரே ஓர் ஆடு உள்ளே போனாலும் காயப்போட்டது வீண். திரும்பத் திரும்ப வருகிற ஆட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிடக் கழித்துவிடுவதே மேல் என்பது என் கட்சி. வீட்டில் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எங்கள் வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை.

19 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் பாலக்கோட்டிலிருந்து ஒரு கேள்வி. குளம்பு ஒழுங்காக இருக்கிறது, புண்ணில்லை, வெட்டியும் பார்த்தாச்சு, வயசான ரெண்டு ஆடு மட்டும் விறைத்து விறைத்து நடக்கின்றன.

பல்லைப் பாருங்கள். பழுப்புக் கோடோ திட்டோ இருந்து, பல் சீக்கிரம் தேய்ந்திருந்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் ரெண்டு மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பதால்தான். நமக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. ஆட்டுத் தொட்டிக்கு இன்னும் போர் தண்ணீர்தான். வருஷக்கணக்கில் குடித்தால் ஆட்டுக்கும் எலும்பு தடித்து மூட்டு விறைக்கும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். வந்த விறைப்பு போகாது. குட்டிகளுக்காவது மழைநீரோ குழாய்த் தண்ணீரோ கொடுக்கலாம்.

20 ஜனவரி 2025

குளம்பு அடிக்கடி வெடிக்கிறது, ஓரம் உதிர்கிறது என்பவர்கள் தாது உப்புக் கலவை கொடுக்கிறீர்களா என்று யோசியுங்கள். துத்தநாகம் குறைந்தால் குளம்பும் தோலும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

16 பிப்ரவரி 2025

ஆங்கிள் கிரைண்டரில் தேய்க்கலாமா என்று வீடியோ இணைத்திருக்கிறார் ஒருவர். வெளிநாட்டுப் பண்ணைகளில் செய்கிறார்கள், சீக்கிரமும் முடிகிறது. கையில் பழக்கம் இருந்து, ஆட்டை அசையாமல் பூட்டுகிற சட்டமும் இருந்தால் செய்யலாம். எங்கள் கொட்டகையில் அந்தச் சத்தம் கேட்டால் ஆடுகள் ஒகேனக்கல்லில் போய்த்தான் நிற்கும். சூடேறி உள்சதை வேகவும் வாய்ப்புண்டு. பத்துப் பன்னிரண்டு உருப்படிக்குக் கவாத்துக் கத்தரி போதும். ஸ்பிரிங் போய்விட்டது என்று போன மாசம் கேட்டவருக்கு: புதுக் கத்தரி வாங்காதீர்கள், தோட்டச் சாமான் கடையில் ஸ்பிரிங் மட்டும் தனியாகவே கிடைக்கிறது.